பால்கனியைக் காட்டு

ஜோஷ்வாவுக்குத் தென்துருவ ஆராய்ச்சி நிலையத்தில் ஜெனரேட்டர் மெக்கானிக் வேலை. ஒரு வருஷம் கழித்துத்தான் திரும்புவான். வீடியோ காலில் வந்தால், பெண்டாட்டி சாப்பிட்டாளா என்றுகூடக் கேட்பதில்லை. “போனத் திருப்பு, பால்கனியக் காட்டு” என்பான். ஒரு மாதமாக இதே பாட்டு.

செம்பாக்கத்தில் தனியாக இருப்பவளை வேவு பார்க்கிறானாக்கும் என்று ஜான்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போதாக்குறைக்கு, நேற்று வந்து தங்கிய அவள் தம்பி பிரேமின் சட்டை பால்கனிக் கொடியில் காய்ந்தது. யாருடையது என்று கேட்கட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம் என்று காத்திருந்தாள்.

சாயங்காலம் கால் வந்தது. அவன் வாய் திறப்பதற்குள் கட்டிலுக்கு அடியில், பாத்ரூம், பீரோ இடுக்கு எல்லாவற்றையும் காட்டினாள்.

“எவனாச்சும் இருக்கானா? நல்லாப் பாத்துக்கோங்க!”

கடைசியாகப் பால்கனிக்குப் போய், அந்தச் சட்டைக்கு நேராகப் போனை நீட்டினாள். அவன் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தான்.

“இன்னா, வாயடைச்சுப்போச்சா?”

“இங்க சூரியன் தல காட்டி நாப்பது நாளாச்சு, ஜான்சி. அந்தச் சட்டையக் கொஞ்சம் தள்ளேன், வெயில மறைக்குது.”