இரவல் கண்

அந்த ஸ்டூடியோவின் வாசலை மூன்று தலைமுறையாகக் கண் மூடிய படம் ஒன்றுகூடத் தாண்டியதில்லை. சும்மா வந்த பேரல்ல அது. ஒரு முகத்துக்காக ஒன்பது தடவை எடுத்து, ஒன்பதையும் ஒதுக்கிவிட்டுப் பத்தாவதைக் கையில் கொடுத்த குடும்பம். தெருவில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சுவரிலிருந்து யாராவது ஒருவர் நம்மை நேருக்கு நேர் பார்ப்பார். அப்படிப் பார்த்தால் படம் இவர்கள் எடுத்தது என்று அர்த்தம்.

இப்போது அந்தப் பேரைக் கட்டிக் காப்பவர் அத்தை. தம்பி மகளுக்குத்தான் அவர் அத்தை. ஆனால் தெரு முழுவதும் அவரை ‘ஸ்டூடியோ அத்தை’ என்றே கூப்பிடும். ஐம்பத்தெட்டு வயதிலும் முதுகு அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போல் இருக்கும். குழந்தைகளைப் படமெடுக்கும்போதுகூட கேமரா முக்காலியைத்தான் தாழ்த்துவார். தான் குனிய மாட்டார். தம்பி கம்ப்யூட்டரில் படங்களைச் சரிசெய்து அச்சிடுவான். அவன் மனைவி மருத்துவமனையில் நர்ஸ். வேலை நேரம் வாரத்துக்கு ஒரு மாதிரி. அதனால் அவர்கள் மகள், எட்டு வயது வாண்டு, வளர்ந்ததெல்லாம் அத்தையின் கைக்கடியில்தான்.

அத்தை பிள்ளை வளர்த்த விதம் ரொம்பச் சுருக்கம். நேரா நில். நேரா பார். கேட்டதுக்கு நேரா பதில் சொல். இதற்கு மேல் அவர் வாண்டுக்கு எதையும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. கூட்டமாகப் படமெடுக்கும்போது மட்டும் எல்லோரிடமும் சொல்வதை அவளிடமும் சொல்வார்: “பக்கத்துல நிக்கிறவங்களைப் பார்த்துக்கோங்க. அவங்க கோணலா நின்னா உங்க படமும் கோணல்தான்.”

ஒதுக்கிய படங்களை அந்தக் குடும்பம் எறிந்ததும் இல்லை. மனுஷ முகம் குப்பையில் கிடக்கக் கூடாது என்பது அத்தையின் அப்பா போட்ட சட்டம். பின்னறையில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதற்குள் மூன்று தலைமுறை ஜனங்கள் கண்ணை மூடியபடி கிடந்தார்கள். வாண்டு அதற்கு ‘தூங்குறவங்க பெட்டி’ என்று பேர் வைத்திருந்தாள். விளையாட ஆளில்லாத நாளில் அதைத் திறந்து, ஒவ்வொருவரும் என்ன கனவு காண்கிறார்கள் என்று அவர்களுக்கே எடுத்துச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

வருஷா வருஷம் வாண்டின் பள்ளிக்கூடத்தில் வகுப்புப் படம் எடுப்பது அவர்கள்தான். படம் எடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பெற்றோர் கூடுவார்கள். அதற்குள் படம் பெரிதாக அச்சாகி மண்டபச் சுவரில் ஏறிவிட வேண்டும். அந்தச் சுவரில் அத்தையின் தாத்தா எடுத்த படமும் இருக்கிறது, அப்பா எடுத்ததும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அடியில் ஸ்டூடியோவின் பேர் பொன்னெழுத்தில்.

புதன்கிழமை காலை அத்தை முக்காலியை முற்றத்தில் நிறுத்தினார். முந்தின நாள் பெய்த மழையில் தரை இன்னும் பளபளத்தது. மூலையிலிருந்த பெரிய மரத்தின் காய்கள் வெடித்து, பஞ்சு எங்கே போவதென்று தெரியாமல் காற்றில் மெதுவாக அலைந்துகொண்டிருந்தது. வாண்டின் வகுப்பு நாற்பது பேர், நான்கு வரிசை. இரண்டாவது வரிசையில் வாண்டு. அவளுக்குப் பக்கத்தில் சிமிட்டி. கேமராவைக் கண்டாலே கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளும் பெண் அவள். அந்தப் பேர் வகுப்பு வைத்தது.

“ஒண்ணு… ரெண்டு… மூணு.”

இரண்டிலேயே ஒரு தடவை அழுத்திவிடுவது அத்தையின் பழக்கம். மூன்றுக்கு எல்லோரும் படத்துக்கான முகத்தை மாட்டிக்கொள்வார்கள். இரண்டில் இருப்பது சொந்த முகம் என்பார். அன்றும் இரண்டில் அழுத்தினார். பிறகு மூன்றில் அழுத்தினார். கேமராவின் சின்னத் திரையைப் பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை.

நாற்பது பேரும் கண்ணை மூடியிருந்தார்கள்.

“என்னடா இது, எல்லாரும் நின்னுட்டே தூங்குறீங்க?” என்றார் டீச்சர். சிரிப்பு கிளம்பி அடங்கியது. மறுபடி எண்ணினார் அத்தை. மறுபடி நாற்பது ஜோடி இமைகள் ஒன்றாக இறங்கின. மூன்றாவது தடவை எண்ணியபோது அவருக்கே ஒரு விநாடி, தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியவில்லை. பறவைகூடச் சத்தம் போடவில்லை. பஞ்சு அவர்கள் தலையில் இறங்கியது, தோளில் இறங்கியது, ஒருத்தன் மூக்கில் உட்கார்ந்தது, அவன் அசையவில்லை. நாற்பது பேரும் சேர்ந்து ஒரே கனவுக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டது போலிருந்தது. அத்தை அழுத்தினார். அதற்குள் மணி அடித்துவிட்டது.

வாண்டு சாயங்காலம் பையோடு ஸ்டூடியோவுக்குள் வந்ததும், மேகம் வரைந்த நீலத் திரைக்கு முன்னால் அத்தை அவளை நிறுத்தினார்.

“யாரு வேலை இது?”

“என் வேலைதான் அத்தை.”

“நேரா பதில் சொல்லிட்டா பாரு,” என்றான் தம்பி, கம்ப்யூட்டரிலிருந்து திரும்பாமல்.

“நீ வாயை மூடு.”

“வாயை மூடலாம்ல? கண்ணை மூடினாத்தானே தப்பு.”

அத்தை அவன் பக்கம் திரும்பவில்லை. “நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள படம் குடுக்கணும். உங்க தாத்தா, அவங்க அப்பா எடுத்த படத்துக்குப் பக்கத்துல மாட்டப் போறாங்க. வர்றவங்க எல்லாம் வாயில போட்டு மெல்லுவாங்க, ஸ்டூடியோ அத்தைக்குப் பார்வை போயிடுச்சுன்னு. நம்ம வீட்டுப் பேரை நம்ம வீட்டுப் பிள்ளையே கெடுக்கலாமா?”

வாண்டு நேராக நின்றாள், நேராகப் பார்த்தாள். “போன வருஷம் சிமிட்டிக்கு என் கண்ணை எடுத்து ஒட்டுனீங்கள்ல அத்தை.”

தம்பியின் கை விசைப்பலகை மேலேயே தங்கிவிட்டது.

ஒட்டியது நிஜம்தான். போன வருஷம் எல்லாப் படத்திலும் அந்தப் பெண் கண்ணை மூடியிருந்தாள். “இருந்துட்டுப் போகட்டும் அக்கா,” என்று தம்பி சொல்லிப் பார்த்தான். அத்தைதான் விடவில்லை. பக்கத்தில் நின்ற வாண்டின் கண்கள் அளவும் கோணமும் பொருந்தின. இன்னொரு படத்திலிருந்து அவற்றை எடுத்து அந்த முகத்தில் வைத்தாயிற்று. தைத்த இடம் தெரியாமல் தைத்தது போல் வந்திருந்தது. அன்று அத்தைக்கு அதில் பெருமைகூட.

“உன் கண்ணுன்னு யாருக்குத் தெரியும்?”

“எல்லாருக்கும் தெரியும். மச்சம் இருந்துச்சே.”

வாண்டின் இடது கண்ணுக்குக் கீழே, இமை முடியை ஒட்டி, ஊசிமுனை அளவு ஒரு மச்சம். அதுவும் சேர்ந்து போயிருக்கிறது.

“பசங்க அவளை ‘இரவல் கண்ணு’ன்னு கூப்பிட்டாங்க. ‘என்னைப் பார்க்காதே, அது உன் கண்ணு இல்ல’ன்னு சொன்னாங்க. அவ வீட்ல இருந்த படத்துல அந்த மச்சத்தை நகத்தால சுரண்டிப் பார்த்திருக்கா அத்தை. கண்ணே கிழிஞ்சு போச்சு. அப்புறம் அவங்க அம்மா படத்தை மாட்டவே இல்ல.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க கேட்கலையே.”

தம்பி நாற்காலியைத் திருப்பினான். சிரிப்பு போயிருந்தது. “நாற்பது பேரும் எப்படிம்மா ஒத்துக்கிட்டாங்க?”

“எல்லாரும் மூடிக்கிட்டா எடுத்து ஒட்ட யாருகிட்டயும் கண்ணு இருக்காதுல்லப்பா. முதல் பெஞ்சுப் பசங்க முடியாதுன்னாங்க. ‘இரவல் கண்ணு’ன்னு பேர் வச்சதே அவங்கதான். அப்புறம் அதுல ஒருத்தன், ‘டேய், இந்தத் தடவை நம்ம கண்ணை எடுத்துட்டா என்னடா பண்றது’ன்னு கேட்டான். உடனே எல்லாரும் சரின்னுட்டாங்க.”

“சிமிட்டி என்ன சொன்னா?”

“அவகிட்ட யாரும் சொல்லல. சொன்னா அழுவா.”

வாண்டு தன் பையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். அவளைப் பொறுத்தவரை கேள்வி முடிந்தது, பதிலும் முடிந்தது.

அத்தை பள்ளிக்கூடத்துப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். முதலில், இரண்டில் எடுத்தது. எல்லோர் கண்ணும் திறந்திருந்தது. சிமிட்டி மட்டும் அடிவாங்கப் போகிறவள் போல் தோளைத் தூக்கிக் கண்ணை இறுக்கியிருந்தாள். வாண்டு கேமராவையே பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிச் சிமிட்டியைப் பார்த்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்திருந்தாள்.

“இதை வச்சுக்கலாம் அக்கா,” என்றான் தம்பி தயங்கியபடி. “சிமிட்டிக்கும் நம்ம பிள்ளைக்கும் மட்டும்தான் கண்ணு வேணும். ஒரு மணி நேர வேலை. மச்சத்தை இந்தத் தடவை நானே அழிச்சிடறேன்.”

சொல்லி முடித்ததும் அவனுக்கே தன் வாய் கசந்தது போலிருந்தது. அத்தை மூன்றாவது தடவை எடுத்ததைத் திறந்தார். டீச்சர் கேலி செய்ததிலிருந்து எல்லோரும் கண்ணை மூடியிருக்கிறார்கள் என்று சிமிட்டிக்கும் தெரிந்துபோயிருக்க வேண்டும். அதில் அவள் தோள்கள் இறங்கியிருந்தன. இமைகள் இறுகவில்லை, தாமாகச் சாய்ந்திருந்தன. உதட்டோரத்தில் சிரிப்பு. தலைமுடியில் ஒரு துண்டுப் பஞ்சு.

அத்தை எழுந்து பின்னறைக்குப் போனார். கூரைக் கண்ணாடி வழியாக மாலை வெயில் தகரப் பெட்டியின் மேல் விழுந்திருந்தது. திறந்தார். அந்தப் பெட்டிக்குள் அவர் போட்டது எத்தனையோ உண்டு. எடுத்துப் பார்த்ததுதான் இல்லை. தபால்காரர் தூங்கினார். பக்கத்து வீட்டு மாமா தொப்பியோடு தூங்கினார். ஒரு கல்யாணப் பெண் மாலைக்குள் முகம் புதைத்துத் தூங்கினாள். சுவர்களிலிருந்து நேராக முறைக்கும் அதே ஜனங்கள்தான். இங்கே யாருக்கும் யாரையும் முறைக்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் மூச்சு விடுவது கேட்பது போலிருந்தது.

அடியில், ஓரம் பழுத்த ஒரு படம். எட்டு வயதுப் பெண், இரட்டைச் சடை, பின்னால் இதே மேகத் திரை. கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதே சடை, அதே கவுனோடு ஒரு படம் முன்னறைச் சுவரில் ஐம்பது வருஷமாகத் தொங்குகிறது. அதில் கண் திறந்திருக்கும். மெல்லிய தூரிகையால் அப்பா திறந்துவைத்த கண். ‘என் மகள் கண்ணை மூடினால் ஊர் என்ன சொல்லும்’ என்று அவர் நினைத்திருப்பார். அத்தை அதைத் தப்பென்று என்றுமே சொன்னதில்லை. ஆனால் கல்லாவுக்குப் பின்னால் நிற்கும்போதெல்லாம் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டியே நின்றிருக்கிறார். சிரிப்பு ஒரு பெண்ணுடையதாகவும் பார்வை வேறு யாருடையதாகவும் இருந்ததை இத்தனை வருஷமும் அவர் முதுகு மட்டும் அறிந்திருந்தது.

எதற்காக அன்று கண்ணை மூடினாள் அந்தப் பெண்? நினைவில்லை. ஆனால் நல்ல கனவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அவர் திரும்பி வந்தபோது தம்பி இன்னும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

“மூணாவதை அச்சுப் போடு,” என்றார்.

“கண்ணு மூடினதையா? நிஜமாவா அக்கா?”

“பேரையும் போடு. பொன்னெழுத்துல. எப்பவும் போடறதைவிட ஒரு சுத்து பெருசாவே போடு. ஒளிச்சு வச்சு மாட்டினாத்தான் அசிங்கம்.” சற்று நின்றார். “ரெண்டுல எடுத்ததைப் பெட்டியில போட்டுடு.”

“அதுல எல்லாரும் முழிச்சிட்டு இருக்காங்களே, அது தூங்குறவங்க பெட்டியாச்சே.”

“இடம் இருக்கு,” என்றார் அத்தை.

வெள்ளிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. அத்தை நல்ல புடவை உடுத்தி, படத்துக்குப் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டார். யாராவது ஏதாவது கேட்பதென்றால் தன் முகத்துக்கு நேராகவே கேட்கட்டும் என்று. தலைமையாசிரியை படத்தையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். “இது… இப்படித்தானா?” என்றார். “இப்படித்தான்,” என்றார் அத்தை. முன்வரிசையில் ஒரு அப்பா, “ஸ்டூடியோ அத்தைக்கே கை தவறிடுச்சு போல,” என்று பக்கத்திலிருந்தவர் காதில் சொன்னது அத்தைக்கும் விழுந்தது. நெஞ்சில் முள் போல் தைத்தது. அவர் இடத்தை விட்டு நகரவில்லை.

ஆனால் ஒன்று. மற்றப் படங்களுக்கு முன்னால் சளசளவென்று பேசிக்கொண்டு வந்தவர்கள் இந்தப் படத்துக்கு முன்னால் வந்ததும் குரலைத் தாழ்த்தினார்கள். யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. குழந்தைகள் எழுந்துவிடக் கூடாதே என்பது போல் அடியெடுத்து வைத்தார்கள்.

கூட்டத்தின் ஓரமாக வாண்டு சிமிட்டியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். சிமிட்டி வெகுநேரம் தன்னைத் தேடினாள். பிறகு நுனிக்காலில் நின்று, கண்ணாடியின் மேல் தன் இடது கண்ணுக்குக் கீழே விரல் வைத்து மெல்லத் தடவினாள். மச்சம் இல்லை.

“அத்தை,” என்றாள், மேலே பார்க்காமல். “இது யாரு கண்ணு?”

அத்தை குனிந்தார். முழங்காலில் எங்கோ ஒரு எலும்பு சொடுக்கியது. வாண்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராகத் தன் முகம் வரும்வரை குனிந்தார்.

“உன் கண்ணுதான்மா.”

“மூடியிருக்கே.”

“மூடியிருந்தாலும் உன்னோடது. போன வருஷம் நான் போட்டது உன்னோடது இல்ல. அது என் தப்பு.”

சிமிட்டி அதை யோசித்தாள். பிறகு முதல் தடவையாக அத்தையை நேராகப் பார்த்தாள். பழுப்பான கண்கள். நடுவே தேன் நிறத்தில் ஒரு சின்ன வளையம். இந்த நிறத்தை எந்தப் பெட்டியில் தேடினாலும் கிடைத்திருக்காது என்று அத்தைக்குத் தோன்றியது.

கேமரா தோளில்தான் தொங்கியது. கை அதன் பக்கம் போகவில்லை.