அரைக் கோல்

கோவில்பட்டியில் ஒவ்வொரு ஹாக்கி ஆட்டத்துக்கும் முன்னால், ஒன்றரைக் கோலைக் கூடையில் வைத்துத் துண்டு போட்டு மூடி, பலம் குறைந்த அணிக்குச் சலுகையாக அதன் கோல் கம்பத்தடியில் இறக்கிவைப்பது சண்முகக்கனியின் வேலை. முழுக் கோல் சாதுவாகக் கிடக்கும். அரைக் கோல்தான் நெளிந்துகொண்டே இருக்கும். யாருக்கு ஜெயம் என்று தெரியாமல் ஜனங்கள் கையைப் பிசைந்து நிற்கக் கூடாதென்று சேர்த்த அரை அது.

மைதானத்து வாசலில் சீட்டுச் சந்தை. சம்பளத்துக்கு ஆடும் கரிசல் அணி ஒன்றரைக் கோல் வித்தியாசத்தைத் தாண்டி ஜெயிக்கும் என்பவர்கள் 'தாண்டும்' சீட்டு வாங்குவார்கள். மற்றவர்கள் 'தாண்டாது' வாங்குவார்கள். இரண்டு விலையும் சேர்ந்தால் எப்போதும் நூறு. விலையை யாரும் வைப்பதில்லை. ஊர் நம்பிக்கை சாய்கிற பக்கம் ஏறும். ஆட்டம் முடிந்ததும் ஒரு சீட்டு நூறாகிவிடும், மற்றது வெறும் காகிதம்.

கனி சீட்டு வாங்கக் கூடாது. ஆனால் பலகையில் 'தாண்டாது' என்பதற்கு எதிரே இருப்பது அவளுடைய ஆசையின் விலைதான். ஊருக்கே தெரியும். கரிசல் அணி தாண்டிவிட்டால் வீரர்கள் நேரே பஸ் ஏறிவிடுவார்கள். தாண்டாவிட்டால் கேப்டன் அருள்சீலன் மைதானத்து ஓரத்தில் இருக்கும் அவள் அறைக்கு வந்து கூடைக் கணக்கு நோட்டில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். ஒரே கோலில் ஜெயித்த நாட்களில் பெஞ்சில் உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசுவான். பெரிதாக ஒன்றுமில்லை, ஷூ கடிக்கிறதாம். அந்தப் பத்து நிமிஷத்துக்காக அவள் வாரம் முழுக்க ஏங்கிக் கிடப்பாள்.

அன்று கடைசி ஆட்டம். அதற்குப் பிறகு அணி வடக்கே போகிறது, திரும்பி வராது.

"இன்னிக்கு உன் ஆசை இருபதுதாம்மா," என்றார் பலகை எழுதும் மாசானம்.

"நேத்து முப்பது இருந்துச்சே அண்ணாச்சி?"

"காலையில அவன் பயிற்சி பண்ணுனத ஊரே பாத்துருச்சுல்லா. எறங்கிருச்சு."

கனி கூடையை இறக்கிவிட்டு வந்து நின்றாள். மனசுக்குப் பிடித்தவன் சொதப்ப வேண்டும் என்று வேண்டிக்கொள்வது லேசான காரியமில்லை. எந்தச் சாமியிடம் கேட்பது என்றே அவளுக்குப் பிடிபடவில்லை.

கடைசி நிமிஷத்தில் கரிசல் அணி இரண்டு, எதிரணி ஒன்று. அவள் ஆசை தொண்ணூறுக்கு ஏறியிருந்தது. அப்போது பந்து அருள்சீலனிடம் வந்தது. அடித்தான். பந்து கோட்டின் மேல் போய், பாதி உள்ளே பாதி வெளியே என்று நின்றுவிட்டது. அம்பயர் குனிந்து பார்த்து, அரைக் கோல் என்று எழுதிக்கொண்டார். வித்தியாசம் சரியாக ஒன்றரை. தாண்டவும் இல்லை, தாண்டாமலும் இல்லை. மாசானம் இரண்டு பக்கமும் ஐம்பது என்று எழுதினார். கூட்டம் கலைந்தது.

பஸ்ஸில் மேனேஜர் தலைகளை எண்ணினார். "பதினஞ்சரை. சரி, வண்டிய எடு."

மற்ற அரை, கனியின் அறைக்கு வந்தது. பெஞ்சில் வழக்கம்போல உட்கார்ந்தது. அவள் நோட்டை நீட்டினாள்.

"எழுதற கை பஸ்ல போயிருச்சே," என்றான் அருள்சீலன். "கையெழுத்துப் போடாம நான் போகவும் கூடாது."

"இருக்கற கைக்குப் பழக்கிக்கிடலாம்," என்றாள் கனி. "என்ன அவசரம்?"

அவன் இடது கையில் பேனாவை வைத்து, தன் கையால் பிடித்துக்கொண்டாள். கோணலாக ஓர் 'அ' வந்தது. இன்றைக்கு இந்த ஓர் எழுத்து போதும் என்று நோட்டை மூடினாள்.