கணவர் புலம்பல், பக்கம் ஏழு

செத்தவர்களுக்குக் கவிதை எழுதுகிறவர்கள் எல்லாரும், அவர்கள் உயிரோடு இருந்தபோது வாயைத் திறக்காத கோழைகள். இது என் கருத்தல்ல, நிறுவப்பட்ட உண்மை. நிறுவியவன் நான், பல்கலைக்கழகத்துக்கு எழுதிய நாற்பத்திரண்டு பக்க ஆய்வேட்டில். ஆதாரம், ஓர் ஆங்கில நாவலாசிரியர், கவிஞரும்கூட. ஒரே வீட்டில் மனைவிக்கு வருடக்கணக்காக முகங்கொடுக்காமல் இருந்துவிட்டு, அவள் மேல்மாடி அறையில் செத்ததும் கட்டுக்கட்டாகக் கவிதை எழுதினவர். பெயரைச் சொன்னபோது டெனிஸ்டன் அண்ணை, "ஆரடா அவன், பந்தடிக்கிறவனோ?" என்று கேட்டார்.

அண்ணையின் அச்சகம் லா சப்பல் மெத்ரோ ரயில் நிலையத்திலிருந்து இரண்டு நிமிட நடை. சனிக்கிழமைகளில் நான் அங்கே நினைவு மலர்களுக்குப் புலம்பல் எழுதுகிறேன். ஒருவர் செத்த முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் சின்னப் புத்தகம். கணவர் புலம்பல், பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று கோழைக்கு நாலு வரி வீதம்.

அன்று மத்தியானம் திரான்சிப் புறநகரிலிருந்து அருட்பிரகாசம் வந்தார். மனைவி பியட்றிஸின் மலர். ஐந்து மணிக்கு அச்சுக்குப் போகவேண்டும், மறுநாள் பூசை. ஏழாம் பக்கத்தில் 'கணவர் புலம்பல்' என்ற தலைப்பு மட்டும் இருந்தது. கீழே வெள்ளை.

"ஏதாவது சொல்லுங்கோ அங்கிள். அவவோட கடைசியா என்ன கதைச்சனீங்கள்?"

"கதைக்கேல்லை."

"கடைசி நாளண்டைக்கோ?"

"பதினொரு வருசமா."

என் ஆய்வேடு தொப்பி போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தது. கைவசம் தயாராக இருந்த புலம்பல் வரிகளில் நாலாம் இலக்கத்தைக் காட்டினேன். அவருடைய மச்சாளின் மலரிலும் அதுதானாம். ஒன்பதாம் இலக்கத்தை வாசிக்கவே இல்லை.

"அப்ப வெறுமையா விடுவமே?"

"மகள் அந்தப் பக்கத்தைத்தான் முதல் திறப்பாள், தம்பி."

மேசையில் என் போன் அதிர்ந்தது. கூடப்பிறந்த துஷ்யந்தி அக்கா, ஓல்னே புறநகரிலிருந்து. நான் கணக்கியல் படிக்கவில்லை, இலக்கியம் படிக்கிறேன் என்று அம்மாவிடம் போட்டுக்கொடுத்தவள். அன்றிலிருந்து நாலு மாதமாக நான் எடுப்பதில்லை. கவிழ்த்து வைத்தேன்.

எரிச்சலில் அந்த ஆங்கிலேயரின் கதை முழுவதையும் அவிழ்த்துவிட்டேன். அருட்பிரகாசம் பொறுமையாகக் கேட்டார்.

"பேந்து அவரை எங்கை தாட்டவை?"

"இதயத்தை மட்டும் மனுசிக்குப் பக்கத்தில புதைச்சவை. சாம்பல் லண்டனில."

"பக்கத்திலதானே போனவர்," என்றார். தன் சப்பாத்துக் காலைப் பார்த்தார். "அவ விடியக் காலமை என்ர சப்பாத்தை வெளிய பாத்தபடி திருப்பி வைப்பா. கதைக்காட்டிலும். இப்ப நான் கழட்டினபடியே கிடக்குது."

ஆய்வேட்டில் இதற்குப் பக்கம் இல்லை. அவர் சொன்னதை அப்படியே நாலு வரியாக உடைத்துக் கணினியில் தட்டினேன். அவர் இரண்டு தரம் வாசித்தார். "ஓம், இதுதான்" என்றார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

ஐந்துக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. புதிய பக்கம் ஒன்று திறந்தேன். 'அக்கா' என்று தலைப்புத் தட்டி, எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினேன். அவள் என்னை ஸ்கூலுக்குக் கூட்டிப்போகும் வழியில் மழைத்தொப்பியின் கயிற்றை இறுக்கிக் கட்டுவது முதல் வரியாக வந்தது. கவிழ்ந்து கிடந்த போன் மறுபடி அதிர்ந்து, மேசை விளிம்பை நோக்கி மெல்ல நகர்ந்தது; அவளாகத்தான் இருக்கும். விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். அதிர்வு நின்றதும் இரண்டாவது வரியைத் தட்டத் தொடங்கினேன்.