கெண்டை, கால் அடி

நான் லோகேஷ். வயது இருபத்திரண்டு. காஞ்சிபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் அறையில் இருக்கிறேன். சந்தியா அக்கா, இதைப் போனிடம் பேசித்தான் எழுதுகிறேன். நம் வீட்டில் பேசுகிற மாதிரி பேசினால் அதற்குப் புரிவதில்லை. அதனால் செய்தி வாசிப்பவர் போலப் பேசுகிறேன். அறையில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

இன்று என் வேலை போயிருக்கும். போகவில்லை. அதைச் சொல்லத்தான்.

இங்கே தடுப்பணையில் ஆற்றுத் தண்ணீர் முழுவதையும் ஏரிக் கால்வாய்க்குத் திருப்பிவிடுகிறார்கள். அணைக்குக் கீழே குட்டைகள்தான் மிச்சம். ஒரு குட்டையிலிருந்து அடுத்த குட்டைக்கு மீன் போக எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று அளப்பதுதான் எங்கள் வேலை. இன்று காலை மட்டும் ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க விவசாயிகள் சம்மதித்தார்கள். நான் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு கற்களுக்கு நடுவே நின்றேன். இரண்டு கையிலும் கோல், கழுத்தில் போன். முதல் மீன் கல்லைத் தாண்டியதும் போனுக்குக் கேட்கும்படி கத்தினேன்: "கெண்டை, கால் அடி!"

கரைக்கு வந்ததும் எங்கள் அளவைக் குழுவின் பொறுப்பாளர் சங்கரி மேடம் என் போனை வாங்கி, விவசாயிகள் சங்கத் தலைவர் கோதண்டபாணியிடம் வாசித்தார். "கெண்டைக்கால் அடி... கெண்டைக்கால் ஆழம் வேணுமாம்ங்க."

"இன்னாமா இது! அவ்ளோ தண்ணிய ஆத்துல வுட்டா ஏரிக்கு இன்னா வரும், சேறா? நாத்து நட்டுட்டு உக்காந்துக்கினு இருக்குறோம். ஏய், ஷட்டர மூடுங்கப்பா!"

பேசாமல் இருந்தால் நான் தப்பித்துவிடுவேன், மீன்கள் குட்டையிலேயே காய்ந்து சாகும்.

"சார், அது கெண்டைக்கால் இல்ல. கெண்டை மீனு... கால் அடி. மூணே இன்ச். போன் சேத்து எழுதிருச்சு. நான் பாக்காம குடுத்துட்டேன்."

கோதண்டபாணி என்னையே பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அதான பாத்தேன், மீனுக்கு ஏதுடா கெண்டைக்காலு! மூணு இன்ச்சா? இரு, நானே பாக்குறேன்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, கோலின் பக்கத்தில் நின்றார். தண்ணீர் மூன்று இன்ச்சுக்கு இறங்கும்வரை ஷட்டரைத் தாழ்த்தினார்கள். ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு கெண்டை. அதன் பின்னால் ஒரு கூட்டமே, அவர் காலிடுக்கில்.

"யப்பா, கூசுதுடா! கடிக்குதுங்கடா!" என்று அவர் குதித்தார். கரையே சிரித்தது. "இவ்ளோதானா? இது போனா ஏரிக்கு ஒண்ணும் ஆவாது. இப்படியே இருக்கட்டும்."

ஷட்டர் கம்பியில் அவரே சிவப்புப் பெயின்ட்டால் கோடு போட்டார்.

"லோகேஷ், நாளைலேருந்து பென்சில்ல எழுது" என்றார் மேடம். நாளைக்கும் வரச் சொல்கிறார், அக்கா!

இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டு. நான் ஆற்றில் நின்றேன் என்றால் பயப்படுவாள். தண்ணீர் கெண்டைக்கால் வரைக்கும்கூட இல்லை என்று நீயே சேர்த்துச் சொல்லிவிடு.