அக்காள் வேண்டாமென்று போட்ட மாத்திரை

ரஞ்சிதத்துக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. முதலில் அவள் பயப்படவில்லை. மலைக் குளிருக்கு அப்படி ஆகும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். மாத்திரைதான் சாப்பிடுகிறாளே, பிறகென்ன?

இருபத்திரண்டு வயது, கல்யாணம் ஆகாதவள், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். அவளுக்கு ஏது மாத்திரை என்று யாரும் கேட்கலாம். கேட்க வேண்டியவன் ஒருவன் இருந்தான். அவன்தான் கேட்கவில்லை.

அவன் வேலப்பன். கொழுந்து மூட்டைகளை ஆலைக்கு ஏற்றிப்போகும் லோரியின் டிரைவர். பழகத் தொடங்கிய புதிதில் ஒழுங்காகத்தான் இருந்தான். தானா ராத்தா பட்டணத்தில் சீனர் கடையில் ரப்பர் உறை வாங்கி, சிகரெட் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவருவான். அப்போது ஒருவர்மேல் ஒருவருக்குப் பயம். பயம் இருந்தவரைக்கும் உறையும் இருந்தது. பழக்கம் முற்றி, கல்யாணப் பேச்சு வாயில் வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு வந்து நின்றான்.

“கடையில நம்மள வேல வாங்கற மண்டோர் நிக்கிறாரு. அவரு முன்னாடி எப்படிலா கேக்கறது? நமக்குள்ள இனிமே எதுக்கு அதெல்லாம்?”

“எனக்குப் பயமா இருக்கு.”

“என்மேல நம்பிக்கை இல்லயா?”

இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஆண்பிள்ளைகள் எவ்வளவு காரியத்தைச் சாதித்துவிடுகிறார்கள்! உறையைக் கேட்டால் அவனைச் சந்தேகப்படுகிறமாதிரி ஆகிவிடும் என்று அவள் வாயை மூடிக்கொண்டாள்.

தடுப்பு மாத்திரை தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடைக்கும். ஆனால் அங்கே வைத்தியம் பார்க்கும் டிரசர் கல்யாணமான பெண்களை வரிசையில் நிறுத்தி, எல்லார் காதிலும் விழப் புருஷன் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் அட்டையை நீட்டுவார். மருந்து கொடுக்கிறவனுக்குப் புருஷன் பெயர் எதற்கு? அதை யாரும் கேட்டதில்லை.

ரஞ்சிதம் இருந்தது அக்காள் திலகத்தின் வீட்டில். திலகம் மூன்று பிள்ளை பெற்றவள், மாதம் தவறாமல் அட்டை வாங்குகிறவள். அட்டையில் வெள்ளை மாத்திரை மூன்று வரிசை, கடைசி வரிசை மட்டும் காவி நிறம். வெள்ளையைத் தின்றுவிட்டு, காவி வரிசையை அட்டையோடு குப்பைத் தகரத்தில் வீசிவிடுவாள். ஒரே அட்டையில் இருப்பது ஒரே மருந்துதானே என்று ரஞ்சிதம் நினைத்தாள். திருடவில்லை, யாரிடமும் கைநீட்டவில்லை. குப்பையிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டு, வேலப்பனைப் பார்க்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்று விழுங்கினாள்.

“நான் மாத்திரை சாப்பிடறேன்” என்று அவனிடம் சொன்னபோது, “கெட்டிக்காரிலா நீ” என்று கன்னத்தைக் கிள்ளினான். அதோடு சரி.

அடுத்த மாதமும் தள்ளிப் போயிற்று. அன்று சாயங்காலம் அடுப்படியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த அக்காளிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தாள்.

“அக்கா, அந்தக் காவி மாத்திரைய ஏன் வீசற?”

“அது ரத்தம் ஊறதுக்குடி. இரும்புச் சத்தாம். தின்னா வெளிக்கி கருப்பா போவுது. எவ திம்பா அந்தக் கருமத்த?”

“அப்ப புள்ள நிக்காம இருக்க?”

“அதுக்கு வெள்ளதான். அதயும் தெனைக்கும் திங்கணும், விடக்கூடாது. உனக்கெதுக்குடி இந்த ஆராய்ச்சி? மாப்பிள்ள கீப்பிள்ள பாத்துட்டியா?”

சிரித்தபடி திரும்பிய திலகம் தங்கை முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

“யாரு?”

“லோரிக்கார வேலப்பன்.”

“அடிப்பாவி, குப்பையில கெடந்ததயா எடுத்துத் தின்ன? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன?”

“என்னன்னு கேப்பேன், அக்கா?”

திலகம் அடிக்கக் கையை ஓங்கினாள். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில் பலகைச் சுவர். அந்தப் பக்கம் மாரியம்மா காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். ஓங்கிய கையால் தன் வாயையே பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் ரஞ்சிதம் வேலப்பனைத் தனியே மறித்துச் சொன்னாள். அவன் முகம் சுண்டிப்போயிற்று.

“மாத்திரை திங்கறேன்னு நீதான சொன்ன?”

“என்ன மாத்திரை, எங்க கெடைச்சிச்சின்னு கேட்டியா நீ?”

“அது பொம்பள சமாச்சாரம்.”

“நாளைக்கி ஆஸ்பத்திரிக்குப் போறேன். டிரசர் புருஷன் பேரு கேப்பாரு. நான் என்ன சொல்றது? நீ வந்து சொல்லு.”

அவன் டயரைக் காலால் உதைத்துக்கொண்டு நின்றான். 

ஆஸ்பத்திரி வரிசையில், கூடக் கொழுந்து எடுக்கும் ருக்குமணி முதல் ஆளாக வாயைத் திறந்தாள். “என்னடி ரஞ்சிதம், அக்காவுக்கு வாங்க வந்தியா? இல்ல எங்களுக்குத் தெரியாம ஒருத்தன மடியில கட்டி வெச்சிருக்கியா?” பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். பின்னால் நின்ற திலகம் தரையைப் பார்த்தாள்.

ரஞ்சிதம் மேசைக்குப் போய், தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னாள். டிரசர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

“புருஷன் பேரு?”

வெளியே லோரி வந்து நின்றிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அப்படியே ஓட்டிக்கொண்டு போனாலும் போய்விடுவான். ரஞ்சிதம் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றாள்.

“உன்னத்தான் கேக்கறேன். புருஷன் பேரு என்ன?”

சத்தம் அடங்கியது. வேலப்பன் வாசலில் வந்து நின்று ஏதோ முனகினான்.

“என்னது? சத்தமா சொல்லுலா!” என்றார் டிரசர்.

“வேலப்பன். நான்தான்.”

சிரித்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். யாரோ ஒருத்தி மட்டும் முந்தானைக்குள் களுக்கென்றாள். வேலப்பனுக்கு முகம் காது வரைக்கும் சிவந்திருந்தது. அங்கிருந்து நகரவும் இல்லை, பக்கத்தில் வரவும் இல்லை.

அவன் தன் பெயரைச் சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகிவிடும் என்று ரஞ்சிதம் நினைத்திருந்தாள். ஆகவில்லை. குப்பையிலிருந்து எடுத்துத் தின்றவள் அவள்தானே. டிரசர் பரிசோதனைக்கு உள்ளறையைக் கைகாட்டினார். வேலப்பனை ஏறிட்டுப் பார்க்காமல், தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள்.