குனிய மறுத்த கொய்யாக் கவட்டை

தோட்டத்து மாரியம்மன் மீது ஆணை, எனக்கு மிச்சமிருக்கும் நான்கு பற்கள் மீதும் ஆணை, இனி நான் எழுதப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. ஐந்தாவது பல் ஒன்றும் உண்டு. அது சுங்கைப் பட்டாணியில் ஒரு சீனர் கட்டிக் கொடுத்தது என்பதால் சத்தியத்தில் சேர்க்கவில்லை. அந்த அளவுக்கு இந்த விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன்.

ஜப்பான்காரன் வந்து மூன்றாவது வருடம், மாசி மாதத்து வெயிலில், கெடாவில் பாடாங் மேஹா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்றுகொண்டிருந்தேன். கையில் கொய்யாக் கவட்டை. இரண்டு கிளையையும் இரண்டு கையால் பிடித்து, முனையை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தால், பூமிக்கு அடியில் நீரோட்டம் இருக்கும் இடத்தில் முனை தானாகக் குனியும். இதுதான் என் தொழில். யான் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து என்னை அழைத்து வந்திருந்தார்கள். அங்கே வயற்சேற்றில் புதைந்த எருமை ஒன்றையே இந்தக் கவட்டை கண்டுபிடித்திருக்கிறது. எருமையின் கொம்பு வெளியே தெரிந்துகொண்டிருந்தது உண்மைதான். ஆனால் கவட்டைக்கு அது தெரியாது.

வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு தோட்டத்தைக் கவனித்துக்கொண்டவர் அலுவலகக் கணக்கெழுதும் பெரிய கிராணி குலசிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர், சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் செய்தவர். ஆற்று நீரை மேலேற்றும் எஞ்சினுக்கு எண்ணெய் இல்லாமல் அது நின்றுவிட்டது. ஆற்றிலேயே முகந்து குடித்ததில் லயன் வீடுகளில் வயிற்றுப்போக்கு. ஜப்பான் அதிகாரி வந்து, மூன்று நாளில் கிணறு வேண்டும், இல்லையென்றால் சயாமில் தண்டவாளம் போட ஆள் ஏற்றிப் போகும் அடுத்த ரயிலில் கவட்டைக்காரனையும் கவட்டையையும் சேர்த்து ஏற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“என்ன காணும், உந்தக் கம்பு தண்ணியைக் கண்டுபிடிக்குமோ, இல்லாட்டி நீர்தான் கண்டுபிடிக்கிறீரோ?” என்றார் குலசிங்கம்.

“கம்புதாங்க கிராணி ஐயா. நான் அது பின்னாடி போறதோட சரி.”

“அப்ப மத்தியானச் சாப்பாட்டைக் கம்புக்கே போடச் சொல்லுறன்.”

நான் கண்ணை மூடினேன். கவட்டை என்னை இழுத்துக்கொண்டு ஓடியது. அல்லூர் வடிகாலைத் தாண்டி, பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி, மரவள்ளிப் பாத்திக்குள் இறங்கி ஏறி ஓடியது. நடுவில் இரண்டு முறை நான் விழுந்தேன். அது நிற்கவில்லை. நான்தான் எழுந்து ஓடி மறுபடி பிடிக்க வேண்டியிருந்தது. கடைசியில் மூன்றாம் லயனில் ஒரு கதவுக்கு முன்னால், ஏழடி தள்ளி, முனை தரையில் குத்தி நின்றது. ஏன் சரியாக அந்தக் கதவுக்கு முன்னால் என்று யாரும் கேட்கவில்லை. முந்தின நாள் நான் தோட்டத்துக்குள் நுழைந்தபோது அதே கதவுப்படியில் உட்கார்ந்து தங்கமணி மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள் என்பது என் கண்ணுக்குத்தான் தெரியும். கவட்டைக்கு எப்படித் தெரிந்தது என்பதை நான் இன்றுவரை விசாரிக்கவில்லை.

பதினேழு அடியில் தண்ணீர் வந்தது. தேங்காய் உடைத்தார்கள். குலசிங்கம் மட்டும் உடைத்த தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு, கெடாவிலே எங்கே பதினேழு அடி தோண்டினாலும் தண்ணீர் வரும், கண்ணைக் கட்டிவிட்ட கோழியை விட்டாலும் கிணறு காட்டும் என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. அதுதான் என் தொழிலின் முதல். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

தங்கமணியின் புருஷன் பெயர் சின்னையா. முந்தின ஆனியில் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போன லாரியில் அவனும் ஒருவன். ஒன்பது மாதமாகத் தகவல் இல்லை. அவனைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. குள்ளம். குறட்டை விடுவான் என்று பக்கத்து வீட்டுச் சுவரே சாட்சி சொல்லும். ஒரு வேலையையும் முடிக்காமல் பாதியில் விட்டுவிட்டு வாய்ப்பேச்சில் பூசி மெழுகுகிற ரகம். லாரி வந்த அன்று காலை, இரண்டு பேருக்கும் இருந்த ஒரே சட்டிக் கஞ்சியை அவன் யோசனையில்லாமல் முழுக்கக் குடித்துவிட்டான். தங்கமணி சொன்னாள், “போய்த் தொலை.” அவன் போனான். பெரட்டுக்களத்தில் லாரி நின்றது. அவர்கள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

கிணற்றுக்குக் காவல் வேண்டும் என்று சொல்லி நான் தோட்டத்திலேயே தங்கிவிட்டேன். கிணறு ஓடிப்போகும் என்று நான் சொன்னதைக் கங்காணி அப்பளசாமி நம்பினார். தினமும் விடிந்ததும் அவள் வாளியோடு வருவாள். துணி கிடைக்காத காலம். கோணிச் சாக்கைப் பிரித்துத் தைத்து உடுத்தியிருப்பாள். கழுத்திலும் தோளிலும் அது உராய்ந்து சிவந்திருக்கும். கயிறு இறங்கும், ஏறும். நான் ராட்டினத்துக்கு எண்ணெய் விடுவேன். இல்லாத எண்ணெயை விடுவதுபோல விரலால் தடவுவேன். ஒரு பெண் தண்ணீர் இறைப்பதைப் பார்ப்பதற்காகவே ஒருவன் கிணறு வெட்டியிருக்கிறான் என்றால், அவன் பித்தன் என்பீர்கள். இருக்கட்டும். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் கயிறு கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருக்கும். அது நிற்கும்வரை அங்கேயே நிற்பேன். ஒருநாள் அப்பளசாமியிடம், என்னைக் கட்டிக்கொள்வாளா என்று அவளைக் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். ஆணில்லாத வீட்டைக் காலி செய்யச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்திருந்த நேரம் அது. இன்னொருவன் பெயர் பதிவில் ஏறினால் அவளும் இருப்பாள், வீடும் இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் குலசிங்கம் எனக்குப் பரீட்சை வைத்தார். பத்துத் தகரங்களை வரிசையாக வைத்துச் சாக்கால் மூடினார். ஐந்தில் தண்ணீர், ஐந்து காலி. தோட்டமே கூடி நின்று பார்த்தது. நான் கவட்டையோடு ஒவ்வொன்றாகக் கடந்தேன். ஐந்து இடத்தில் குனிந்தது. சாக்கை எடுத்துப் பார்த்தால் அந்த ஐந்தும் காலி. பத்தும் தப்பு. தற்செயலாகக்கூட அப்படித் தப்பாது என்று குலசிங்கமே கணக்குப் போட்டுச் சொன்னார். சனம் சிரித்த சிரிப்பில் ரப்பர் மரத்திலிருந்த காய்கள் வெடித்தன.

எல்லாரும் கலைந்த பிறகு தங்கமணி வந்தாள். கையில் ஒரு சட்டை, மடித்து, வாழையிலையில் பொதிந்து. சின்னையாவுடையது. ரப்பர் பால் கறை பிடித்து அட்டைபோல் விறைத்திருந்தது. சாக்கு உடுத்திய பெண் ஒரு முழுச் சட்டையை ஒன்பது மாதம் போடாமல், துவைக்காமல் வைத்திருந்தாள்.

“கங்காணி வந்து சொன்னாருண்ணே. நீங்கதான் கேக்கச் சொன்னீங்களாமே.”

அண்ணே என்ற அந்த ஒரு சொல்லில் என் பாதி வழக்கு தள்ளுபடி ஆயிற்று.

“அவரு இருக்காரா இல்லியான்னு தெரியாம நான் என்னான்னு பதில் சொல்றது? ஒங்க கோல வச்சுப் பாருங்க. இதுல அவரு வேர்வ இருக்கு. வேர்வயும் தண்ணிதானே.”

“இப்பதானே பாத்த, பத்தும் தப்பா போச்சு.”

“தகரத்துல இருக்கிற தண்ணிய எவன் தேடுவான்லா. காணாமப் போனதத்தான் தேடணும்.” சட்டையிலிருந்து ஒரு கிழிசலைப் பிய்த்துக் கவட்டை முனையில் அவளே கட்டினாள். “மண்ணுக்குக் கீழ இருந்தா இது குனியும். மண்ணுக்கு மேல இருந்தா நிமிரட்டும். குனிஞ்சா, கங்காணிகிட்ட சரின்னு சொல்லிடுறேன்.”

“என்னய நம்பியா கேக்குற?”

“ஒங்கள நம்பல. குனியணும்னுதானே ஒங்களுக்கு ஆச? நீங்க ஆன மட்டும் குனிய வைக்கப் பாருங்க. அப்பிடியும் குனியலன்னா, அது நெசம்.”

அலுவலகப் படியில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த குலசிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஓம், இதுதான் சோதனை,” என்றார். “நான் செய்தது விளையாட்டு.”

மேட்டு நிரைக்கு ஏறினோம். ரப்பர் மர வரிசையின் அந்த உச்சியிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் குனோங் ஜெராய் மலை நீலமாக நிற்கும். வடக்கே மரங்களுக்கு மேல் மரங்கள். சயாம் அதற்கும் அப்பால். நான் வடக்கே திரும்பிக் கவட்டையைப் பிடித்தேன். தொழில் ரகசியத்தை இங்கே உடைத்துவிடுகிறேன். கட்டைவிரலை நெல்லளவு உள்ளே திருப்பினால் போதும், முனை கீழே போய்விடும். பார்ப்பவனுக்குத் தெரியாது. பல சமயம் பிடிப்பவனுக்கே தெரியாது. நான் தெரிந்தே திருப்பினேன். நெல்லளவு அல்ல, தேங்காயளவு திருப்பினேன். உள்ளங்கையில் பட்டை உரிந்தது. முனை அசையவில்லை. பல்லைக் கடித்து முழு உடம்பையும் போட்டு அழுத்தினேன். கவட்டை முனகியது. பிறகு மெதுவாக, தூக்கத்திலிருந்து எழுந்து உட்காரும் ஆளைப்போல, நிமிர்ந்தது. நிமிர்ந்து வந்து என் மூக்கில் அடித்தது. மூக்கு இன்றும் கோணல்தான். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

மூக்கில் ரத்தத்தோடு நான் நின்ற கோலத்தைப் பார்த்துத் தங்கமணி சிரித்தாள். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். உட்கார்ந்தபிறகு அது சிரிப்பாக இல்லை. “போய்த் தொலைன்னு சொல்லிட்டேண்ணே,” என்றாள். “அத மட்டும் திருப்பி எடுத்துக்கணும். வேற ஒண்ணும் வேணாம்.”

வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை என்று குலசிங்கம் பதிவேட்டில் என்னவோ எழுதிச் சரிக்கட்டினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நாங்கள் மேட்டு நிரைக்கு ஏறினோம். ஒன்றரை வருடம். ஒவ்வொரு முறையும் நான் முழுப் பலத்தோடு குனிய வைக்கப் பார்த்தேன், அது எங்கள் ஒப்பந்தம். ஒவ்வொரு முறையும் நிமிர்ந்தது. போகப் போக, அது நிமிர்ந்ததும் அவள் முகத்தில் வரும் வெளிச்சத்துக்காகவே நான் ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் காத்திருக்க ஆரம்பித்தேன். அந்த வெளிச்சம் எனக்குரியது அல்ல. வடக்கே எங்கோ மழையில் தண்டவாளக் கட்டை சுமக்கும் ஒரு குள்ளனுக்குரியது. அவனுக்கு இது தெரியுமா? இப்படி ஒருத்தி மேட்டில் நின்று வாரம் தவறாமல் தன் உயிரை விசாரிக்கிறாள் என்று தெரிந்தால், காய்ச்சலில் கிடப்பவன்கூட இன்னொரு நாள் எழுந்து உட்காருவான் என்று நினைத்துக்கொள்வேன். அவன் இடத்தில் என்னை வைத்துப் பார்ப்பேன். மூங்கில் பரணில் படுத்து, மழை ஒழுக, தெற்கே பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு மூக்கு வலிக்கும், இறங்கி வருவோம்.

ஜப்பான்காரன் போனான். சயாமிலிருந்து ஆட்கள் ரயிலில் திரும்புகிறார்கள் என்று சேதி வந்த அன்று, தங்கமணி சாக்கைக் களைந்துவிட்டு, யாரிடமோ இரவல் வாங்கிய சேலையைக் கட்டினாள். கங்காணி மாட்டுவண்டி கொடுத்தார். சுங்கைப் பட்டாணி ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தோம். ரயில் வந்து நின்றது. இறங்கியவர்கள் எல்லாரும் ஒரே ஆள்போல இருந்தார்கள். ஒரே எலும்பு, ஒரே கண், ஒரே வயது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் யாரும் திரும்பவில்லை. பெயர் தங்களுடையதுதானா என்று யோசித்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் என் கையிலிருந்து கவட்டையை வாங்கிக்கொண்டாள். அதுவரை அவள் அதைப் பிடித்ததில்லை. பிடிப்பது எப்படி என்று நான் சொல்லவும் இல்லை. அந்தக் கூட்டத்துக்குள் அவள் ஒவ்வொருவராகக் கடந்து போனாள். முனை தரைக்கு இணையாக, ஆடாமல் இருந்தது. யாரும் வியக்கவில்லை. அவர்கள் அதைவிட வினோதமானவற்றைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். கடைசிப் பெட்டிவரை போனாள். அதன் வாசலில் ஒருவன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, தரை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தெரியாதவன்போல, ஒரு காலை மட்டும் கீழே நீட்டிக்கொண்டிருந்தான். வெயில் அவனுக்குப் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை. தங்கமணியின் கையில் கவட்டை மெதுவாக எழத் தொடங்கியது.

என் பெயர் சின்னையா. அந்தக் கவட்டைக்காரன், மூங்கில் பரணில் மழை ஒழுகப் படுத்து நான் எனக்கே சொல்லிக்கொண்ட ஆள். சயாமிலிருந்து திரும்பி நான் சுங்கைப் பட்டாணியில் இறங்கியபோது, பிளாட்பாரத்தில் எனக்காக யாரும் வந்திருக்கவில்லை.