வயசுல ரெண்டு கழிவு

முழங்கால் மடங்க மறுத்தது. இராக்கம்மா சரிவில் பக்கவாட்டாக இறங்கினாள், நண்டு மாதிரி. வலி ஏறும்போதெல்லாம் வாயில் பாட்டு வரும் அவளுக்கு. இன்று வாயை இறுக்க மூடிக்கொண்டாள்.

நேற்று லுணுகலை டவுனில் றிகாஸ் கடையில் பருப்பு வாங்கும்போது, அவனுடைய போனுக்குள்ளிருந்து அவள் குரலே பாடியது:

"முட்டி ரெண்டும் கதவாட்டம் முனகுதடி
முன்னம்பல்லு காத்தடிச்சா ஆடுதடி
கொழுந்துல ரெண்டு கிலோ கழிக்கிற கிருஷ்ணராசா
என் வயசுல ரெண்டு கழிச்சா என்ன ராசா?"

கடையே சிரித்தது. இராக்கம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அறுபதைத் தாண்டியவள். தேயிலைத் தோட்டத்தில் பேர் பதியாத கைக்காசு வேலை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை கிருஷ்ணராஜ் கூப்பிட்டால்தான் அன்றைக்கு அடுப்பு எரியும். சாயந்திரம் நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று ஆளுக்கு ரெண்டு கிலோ கழிப்பவரும் அவர்தான். அவர் காதுக்கு இது போனால்?

அந்தப் பாட்டை அவள் மலையில்தான் பாடினாள். பக்கத்து நிரையில் நின்றவள் லூசியா மட்டும். லூசியாவின் மகள் கேஷானி வெள்ளைக்காரர்கள் சுற்றிப் பார்க்க வரும் எல்ல டவுனில் ஹோட்டல் வேலை செய்கிறாள், போன வாரம்தான் அம்மாவுக்குப் புதுப் போன் கொடுத்திருந்தாள். முப்பது வருசமாக இவளை ஒட்டி நின்று கொழுந்து பறித்தவள் லூசியா. இருந்தாலும் போன் போன்தானே.

இன்று இராக்கம்மா மேட்டோரத்து நிரைக்கு மாறிக்கொண்டாள்.

"என்னடி இராக்கு, அங்கிட்டு என்ன தங்கமா காய்க்குது?" என்று கத்தினாள் லூசியா.

"இங்கன காத்து நல்லாருக்கு."

"காத்தடிச்சா பல்லு ஆடுமே!"

எல்லாரும் சிரித்தார்கள். பார்த்தாயா, வரி வரியாக மனப்பாடம் என்று நினைத்துக்கொண்டாள் இராக்கம்மா.

மேட்டோரத்துச் செடி கிழடு, கொழுந்து குறைவு. சாயந்திரம் தராசுக்கு முன்னால் சாக்கைத் தூக்கிப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது: அரைப்பேர்தான், பாதிச் சம்பளம். ஒருத்திக்குக் குறைந்தால் பக்கத்து நிரைக்காரி தன் கொழுந்தில் அள்ளிப் போடுவதும், இன்னொரு நாள் அதைத் திருப்பிக் கொடுப்பதும் பெண்களுக்குள் வழக்கம். இன்று அவள் யாருக்கும் பக்கத்து நிரைக்காரி இல்லை. லூசியா வந்தாள், ஒரு மடி கொழுந்தை இவள் சாக்கில் கவிழ்த்துவிட்டுப் போனாள். சிநேகமா, குற்றமுள்ள நெஞ்சின் குறுகுறுப்பா?

கிருஷ்ணராஜ் தராசு முள்ளைப் பார்த்தார். பிறகு இவள் முகத்தைப் பார்த்தார்.

"இராக்கம்மா. இன்னைக்கு ஒனக்குக் கழிவு இல்ல. முழுப்பேரு."

"ஏங்கய்யா?"

"சும்மாதான். போ."

சிரிக்கவில்லை அவர். போன் இருந்த சட்டைப்பையை மட்டும் ஒரு தரம் தொட்டுக்கொண்டார். பாட்டுக்குப் பயந்தாரா, பழியை நாளைக்கு வைத்திருக்கிறாரா?

அடுத்தது லூசியா. இவளுக்குக் கொடுத்த மடி போக மிஞ்சியதில் வழக்கம்போல ரெண்டு கிலோ கழித்தார். அரைப்பேர்.

லூசியா வெறும் சாக்கை உதறித் தோளில் போட்டாள். இராக்கம்மா நொண்டிக்கொண்டே பின்னால் போனாள்.

"ஏய், நீதானே அந்தப் பாட்டப் போன்ல புடிச்சது?"

மழை பிடித்துக்கொண்டது. லூசியா சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு லயத்து வீடுகளுக்குப் போகும் பாதையில் விறுவிறுவென்று இறங்கிவிட்டாள்.

எப்படியானாலும், லூசியாவுக்கு இவள் தர ஒரு மடி கொழுந்து பாக்கி.